ஜெயவேலு பல் துலக்கிய வீதி

ஊரப்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் அம்மன் வீதியுலா ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும். ஜெயவேலுவின் வீதியுலா நாள்தோறும் நடைபெறும். அம்மனுக்கு முன்னால் மேளம் வரும். ஜெயவேலுவுக்கு முன்னால் இருமல் வரும். காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவர் வீட்டு இரும்புக் கதவு கிறீச்சிடும். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் சிவப்புத் துண்டு, வாயில் பச்சை நிறப் பிரஷ் ஆகியவற்றோடு தெருவில் இறங்கினாரானால், திரும்பி வர முழுதாக நாற்பது நிமிடம் ஆகும்.

அந்தத் தெருவில் ஏரி எங்கே என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. ஏரி இருந்த இடத்தில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மழைக்காலம் அவர்களுக்கு விளக்கும். ஜெயவேலுவின் தந்தை அந்த ஏரியின் ஓரத்தில் நெல் பயிரிட்டவர். மகன் தலையெடுத்தபோது நிலம் மனையாயிற்று; மனை ஐந்து வாடகை வீடுகளாகவும், 'ஜெயவேலு சாமியானா' என்னும் கடையாகவும் ஆயிற்று. எண்ணூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் அவரிடம் இருந்தன. காதுகுத்தாயினும் சாவாயினும், தெருவார் உட்காருவது அவருடைய நாற்காலியில்தான். ஊரையே உட்கார வைப்பவருக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்யும்? அந்த மதிப்பு குறையாமல் இருக்கிறதா என்பதைக் காலைதோறும் பிரஷும் வாயுமாகச் சென்று சரிபார்த்து வந்தார், நாற்பத்தொரு வயது ஜெயவேலு.

பிரஷை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதற்கு அவரிடம் ஒரு முறைமை இருந்தது. தமக்குச் சமமானவர்களிடம் பேசும்போது பிரஷ் இடக் கன்னத்துக்கு ஒதுங்கும். தம் வாடகை வீட்டுக்காரர்களிடம் பேசும்போது அது நடுவாயிலேயே இருக்கும். சொற்களை நுரையிலிருந்து பிரித்தெடுப்பது கேட்பவர் பொறுப்பு. ஊராட்சித் தலைவர் எதிர்ப்பட்டால் மட்டும் பிரஷ் வாயை விட்டு வெளியே வந்து முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தலைவர் போகும் வரையில் அது ஜெயவேலுவின் லுங்கியில் சொட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர், டிரான்ஸ்பார்மரிலிருந்து 'இந்த மனை விற்பனைக்கு அல்ல' என்று பலகை நட்ட காலிமனை, அங்கிருந்து தினகரனின் தேநீர்க் கடை என்று உலாவின் பாதை வகுக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு இடங்களிலும் துப்புவார். மூன்றாம் இடத்தில் வாய் கொப்பளித்துத் தேநீர் அருந்துவார். இடைப்பட்ட தொலைவில் வழக்குகளைக் கேட்பார். அவற்றுள் மூத்த வழக்கு, சாக்கடை வழக்கு. இட்லிக் கடை அம்மணியின் வாசலில் தண்ணீர் தேங்கியது. அடுத்த வீட்டு வில்பிரட் தம் ஸ்கூட்டரை ஏற்றுவதற்காகக் கட்டிய சிமெண்டுச் சரிவு சாக்கடையை அடைத்ததே காரணம் என்று அம்மணி சொன்னார். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த வில்பிரட்டோ, ஆறு ஐம்பது இரயிலுக்கு ஓடிக்கொண்டே, சாக்கடை பிறவியிலேயே கோணல் என்று சொல்வார். இருவரும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். இருவரும் ஜெயவேலுவிடம் பேசுவார்கள். ஜெயவேலு பிரஷை இடக் கன்னத்துக்கு ஒதுக்கி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தம் வழக்கமான தீர்ப்பை வழங்குவார்:

"உடு, நா பாத்துக்கறேன்."

மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரும் தேங்கிக்கொண்டிருந்தது.

இந்த நாற்பது நிமிடத்தில் பிரஷ் உண்மையாகவே பல்லின்மீது உராய்ந்த நேரத்தை யாரேனும் கூட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடம் தேறியிருக்கும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

ஜெயவேலுவுக்கும் சாமுண்டீஸ்வரிக்கும் மணமாகி எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் தேவதர்ஷினி. அவளைத் தரையில் விடவே அப்பாவுக்கு மனம் வராது. இரண்டரை வயதில், அப்பா பிரஷோடு கிளம்பியதைக் கண்டு அவள் அழுதாள். அன்றே அவளுக்கென்று இளஞ்சிவப்பில் ஒரு பிரஷும், ஸ்டிராபெரி வாசனையில் ஒரு பற்பசையும் வந்தன. பற்பசை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வாயில் வைத்தவுடனே விழுங்கிவிட்டு இன்னும் கேட்டாள்.

அதன்பின் உலா இருவர் உலாவாயிற்று. அப்பாவுக்கு ஆறடி பின்னால், கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரஷை இடக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு மகள் நடந்தாள். டிரான்ஸ்பார்மரில் துப்பினாள். காலிமனையில் துப்பினாள். ஐந்து வயதை எட்டியபோது தீர்ப்பும் வழங்கத் தொடங்கினாள்.

"இன்னா அம்மணிக்கா, தண்ணி நிக்குதா? உடு, நா பாத்துக்கறேன்."

"அண்ணா, அப்டியே உன்ன உரிச்சி வெச்சிகீது ணா!" என்று அம்மணி கரண்டியோடு சிரிப்பார். ஜெயவேலுவின் மார்பு, லுங்கி அவிழும் அளவுக்கு விரியும்.

உலாவின் முடிவில் தினகரன் கடையில் அப்பாவுக்குத் தேநீர். மகளுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட பாலில் நனைத்த பொறை ரொட்டி இரண்டு. பல் துலக்கியதற்குப் பரிசு.

சாமுண்டீஸ்வரிக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் ஐயம் இருந்தது.

"பல்லு தேச்சி உடுங்கன்னா, தெரு சுத்திக் காமிச்சிக்கினு வர்றீங்களே!"

"நாப்பது நிமிசம் தேய்க்கிறா சாமுண்டி. உன் தம்பி வூட்டுப் பசங்க நாலு நிமிசம் தேய்க்குமா?"

"பிரஷ்ஷு வாயில கீது, அத நான் பாக்கறேன். தேய்க்கிறத இன்னும் பாக்கல."

"அடுப்படில நின்னுகினு எப்டி பாப்ப? தெருவுல வந்து பாரு."

"நீங்க தேய்க்கிறதயே நான் பதிமூணு வருசமா பாக்கல. மொதல்ல அதப் பாத்துட்டு வர்றேன்."

ஜெயவேலு இதற்கும் 'நா பாத்துக்கறேன்' என்றே சொன்னார்.

தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், நானூறு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தேவதர்ஷினியின் வலக் கன்னம் குழிப்பணியாரம்போல் உப்பியிருந்தது. அவள் விடியற்காலை முதல் அழுதுகொண்டிருந்தாள். இட்லியும் வேண்டாம், பொறையும் வேண்டாம் என்றாள். பொறையை வேண்டாம் என்று சொன்னதும்தான் ஜெயவேலுவுக்கு நிலைமை விளங்கியது.

வில்பிரட் தம் அக்காள் மகளின் முகவரியைத் தந்தார். சேலையூரில் கேம்ப் ரோட்டில் அந்த அக்காள் மகள் பல் மருத்துவமனை வைத்திருந்தார். புல்லட்டில் மூவரும் ஏறி, ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் நீந்தி, தாம்பரத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவர் ஜெரூஷா முப்பது வயதுக்காரர். குரலை உயர்த்தாமலேயே மனிதரை வியர்க்க வைக்கக்கூடியவர்.

"பாப்பா தினமும் எவ்ளோ நேரம் பிரஷ் பண்ணுவா?" என்று அவர் கேட்டார்.

ஜெயவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பது நிமிசம் டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நாப்பதா?"

"மழை நாள்ல கொறையும். குடை புடிச்சிக்கினு ஒரு இருவத்தஞ்சி."

"பாத்ரூம்ல எதுக்கு சார் குடை?"

"தெருவுல டாக்டர்," என்று சாமுண்டீஸ்வரி விளக்கினார். "எங்க வூட்ல பல்லு தேய்க்கிறது பொது நிகழ்ச்சி."

ஜெரூஷா ஒரு புதிய பிரஷைப் பிரித்துத் தேவதர்ஷினியின் கையில் கொடுத்து, "எப்படிப் பண்ணுவேன்னு ஆன்ட்டிக்குக் காட்டு," என்றார். குழந்தை அழுகையை நிறுத்தினாள். பிரஷை இடக் கன்னத்தில் செருகினாள். ஒரு கையை முதுகில் கட்டினாள். காத்திருப்போர் கூடத்துக்கு நடந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, வீங்கிய கன்னத்தோடு, "இன்னா, தண்ணி நிக்குதா? உடு, நா பாத்துக்கறேன்," என்றாள். கூடம் குலுங்கியது. சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை, கணவரைப் பார்த்தார். ஜெயவேலு சுவரில் மாட்டியிருந்த கடைவாய்ப் பல்லின் படத்தை அக்கறையோடு பார்த்தார்.

அடுத்து நடந்தது இன்னும் கேடு. நாற்காலியில் உட்கார வைத்தபோது குழந்தை வாயைத் திறக்க மறுத்தாள். கெஞ்சித் திறக்க வைத்த மூன்றாவது நொடியில் ஜெரூஷாவின் சுட்டுவிரலைக் கடித்தாள்.

"பல்லுதான் சொத்தை. கடி நல்லாத்தான் இருக்கு," என்று மருத்துவர் விரலை உதறினார்.

பிறகு ஒரு சிறு குப்பியைக் காட்டினார். பல்லில் அழுக்கு எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த மருந்து ஊதா நிறத்தில் காட்டிக்கொடுக்கும். அப்பாவுக்கு முதலில் பூசினால்தான் தனக்கும் பூசவிடுவதாகத் தேவதர்ஷினி நிபந்தனை போட்டாள். பூசிய பின் இருவரும் கண்ணாடியில் பார்த்தார்கள். மகளின் வாய் நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. அப்பாவின் வாய் நாவல் மரத்தையே தின்றதுபோல் இருந்தது.

"இவளுக்குப் பிரஷ் பண்ணக் கத்துக்கொடுத்தது யாரு?" என்று ஜெரூஷா கேட்டார்.

பதில் ஊதா நிறத்தில் எதிரே உட்கார்ந்திருந்தது.

"ஒம்பது பல்லு சொத்தை சார். ரெண்டு ரொம்ப ஆழம். இப்ப வீக்கத்துக்கு மருந்து தர்றேன். ஆனா அந்த ரெண்டை ரொம்ப நாள் தள்ள முடியாது. மூணு வாரம் டைம். அதுக்குள்ள அவ வாயைத் திறந்து வெச்சுக்கப் பழகினா, இதே நாற்காலில ஒண்ணொண்ணா சரிபண்ணிடலாம். பழகலைன்னா ஆஸ்பத்திரில முழு மயக்கம் கொடுத்து, எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யணும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, தினமும் நடக்கறதுதான்."

ஜெயவேலு சாமியானா போடுபவர். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று யாரோ யாரிடமோ சொன்ன சில வீடுகளில், மறுநாள் அவர் நாற்காலி இறக்கியிருக்கிறார். ஆயிரத்தில் ஒன்றுதான் அப்படி என்று யாரேனும் சொல்லியிருந்தாலும் பயனில்லை. அவர் தொழிலில் அந்த ஒன்று மட்டுமே அவரைக் கூப்பிடும். எட்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற குழந்தையின் முகத்தில் மயக்கமருந்துக் குழாயை வைப்பதை எண்ணியதும், வாழ்க்கையில் முதன்முறையாக 'நா பாத்துக்கறேன்' என்னும் சொல் அவர் தொண்டையில் நின்றுவிட்டது.

"ரெண்டு நிமிஷம் போதும் சார்," என்று ஜெரூஷா எழுதிக் கொடுத்தார். "காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கண்ணாடி முன்னாடி நின்னு, வாயை நல்லாத் திறந்து. பட்டாணி அளவு பேஸ்ட். நீங்கதான் பிடிச்சுத் தேய்ச்சுவிடணும், இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு. முடிச்சதும் பொறை கிடையாது."

"பொறைய பத்தி யாரு சொன்னது?"

தேவதர்ஷினி கூரையைப் பார்த்தாள்.

சேலையூரிலிருந்து ஊரப்பாக்கம் வரையில் ஜெயவேலு தம் ஊதா வாயைத் திறக்கவில்லை. சிக்னலில் அருகே நின்ற தெரிந்தவர் ஒருவர் நலம் விசாரித்தபோதும் தலையை மட்டும் அசைத்தார்.

குளியலறையில் பல் துலக்குவது என்று அன்று மாலை முடிவாயிற்று. அது நான்கடிக்கு நான்கடி. நடந்தால் சுவர் இடிக்கும்; நின்றால் பேச ஆளில்லை. மறுநாள் காலையில் ஜெயவேலு அங்கே நின்று இருமினார்; அந்த இருமல் எதிரொலித்து அவருக்கே திரும்பி வந்தது. கவிழ்த்த வாளியின்மேல் நிறுத்தப்பட்ட தேவதர்ஷினி வாயை இறுக மூடிக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி கொஞ்சினார், மிரட்டினார், கைப்பேசியில் பல் துலக்கும் கரடியைக் காட்டினார். குழந்தை கரடியைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

"தெருவுலதான் தேய்ப்பேன். அப்பா மாதிரி."

"அப்பா மாதிரி தேச்சிதான்டி இந்தக் கதி!"

"அப்ப அப்பாவுக்கு ஏன் கன்னம் வீங்கல?"



மூன்று நாள் இப்படியே கழிந்தது. மருந்தில் வீக்கம் வடிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. ஜெயவேலுவும் வாடிப்போனார். தெருவில் இறங்காத காலை அவருக்கு உப்பில்லாத கூழாக இருந்தது. நான்காம் நாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது, பிரஷைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினார். நாற்பத்தொரு வயதில், தம் சொந்த வீட்டிலிருந்து, பல் துலக்குவதற்காகத் திருட்டுத்தனமாக வெளியேறிய முதல் ஆள் அந்தத் தெருவில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னா ணா, மூணு நாளா ஆளயே காணோம்? தண்ணி இன்னும் நின்னுகினுதான் கீது," என்று அம்மணி வரவேற்றார்.

பிரஷ் தானாகவே இடக் கன்னத்துக்குப் போயிற்று. உடல் முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. கையை முதுகில் கட்டிக்கொண்டு, "உடு, நா பாத்து—" என்று ஜெயவேலு தொடங்கினார்.

"—க்கறேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் முடித்தது.

வெறுங்காலோடு, கலைந்த தலையோடு, இடக் கன்னத்தில் பிரஷோடு தேவதர்ஷினி நின்றாள். அப்பாவை அண்ணாந்து பார்த்துக் கூட்டாளியைப்போல் சிரித்தாள்.

"டாக்டருக்குத் தெரியாம வந்தியாப்பா? நானும்தான்."

அந்தச் சிரிப்பில் முன்பற்கள் இரண்டின் ஓரம் பழுப்பாக அரித்திருந்தது தெரிந்தது. நாள்தோறும் ஆறடி பின்னால் வந்த பற்கள்தாம்; ஜெயவேலு இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை.

"உரிச்சி வெச்சிகீது ணா!" என்றார் அம்மணி, வழக்கம்போல.

ஜெயவேலுவுக்கு அது இம்முறை வசையாகக் கேட்டது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். இவளை உள்ளே அழைத்தால் வாயை மூடிக்கொள்வாள். வெளியே விட்டால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். வாசலில் புல்லட் நின்றது. அதன் கைப்பிடிகளில் இரண்டு கண்ணாடிகள் இருந்தன.

ஜெயவேலு நின்றார். குழந்தையைச் சீட்டில் உட்கார வைத்தார். வலக் கண்ணாடியை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"தெருவுலதான தேய்க்கணும்? இதுவும் தெருதான். ரைட்டு கண்ணாடி உனக்கு, லெப்ட்டு எனக்கு. யாரு வாயி பெருசுன்னு பாப்பமா?"

தேவதர்ஷினி அண்ணம் தெரியும்படி வாயைப் பிளந்தாள். வாய் பெரியது என்னும் பட்டத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாயில்லை.

ஜெயவேலுவும் திறந்தார். பேசுவதற்காகவே திறந்து பழகிய அந்த வாயின் உட்புறத்தை அன்றுதான் அவர் முதன்முறையாகப் பார்த்தார். கீழ்ப்பற்களுக்குப் பின்னால், அனுமதி வாங்காமல் கட்டிய அடுக்குமாடிபோல், மஞ்சளாக ஒரு படிவு எழும்பியிருந்தது.

அதன்பின் நாள்தோறும் அதுவே வழக்கமாயிற்று. முதலில் தம் பல்லைத் தேய்த்துக் காட்டுவார். பிறகு மகளின் பிரஷைப் பிடித்து அவளுக்குத் தேய்த்துவிடுவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை, வாசல் விளக்கின் வெளிச்சத்தில் நடக்கும். ஒரு கொடுமை மட்டும் இருந்தது. அப்பா ஒரு சொல் பேசினாலும் மகளும் பேசுவாள். பேசினால் பிரஷ் கன்னத்துக்குப் போய்விடும். ஆகவே இரண்டு நிமிடமும் ஜெயவேலு ஊமையாக இருக்க வேண்டியதாயிற்று. பிரசவ வலியே இதற்குத் தேவலை என்று மனைவியிடம் சொன்னார். அதற்குச் சாமுண்டீஸ்வரி சொன்ன பதில் அச்சுக்கு ஏற்றதன்று.

தினகரன் கடையிலிருந்தே கத்தினார்: "இன்னா மச்சான், பாப்பா வர்றதில்லயே? பொறை ரெண்டு தனியா எடுத்து வெச்சிக்கினு கீறேன்!"

பல் துலக்கி முடித்திருந்த ஜெயவேலு, "நீயே துண்ணு. உன் பல்லு போனா எனக்கின்னா!" என்று திருப்பிக் கத்தினார்.

இரண்டாவது வாரத்தில், தந்தையும் மகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரத்தில், அம்மணி வந்து சேர்ந்தார். பின்னாலேயே சாப்பாட்டுப் பையோடு வில்பிரட் வந்தார்.

"அண்ணா, நேத்து சாம்பார் வாளிய வெக்கவே எடமில்ல. எல்லாம் தண்ணி. இன்னிக்கு ஒரு முடிவு சொல்லு."

"ஆ…" என்றார் ஜெயவேலு.

"சார், அந்தச் சரிவை இடிக்கச் சொல்றதெல்லாம் நியாயமே இல்ல," என்றார் வில்பிரட்.

"ஆ… ஆ…"

தீர்ப்பு வரும் வழியாகத் தெரியவில்லை. இரயிலுக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி வில்பிரட் அம்மணியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சரிவுக்கு அடில ஒரு பைப்பு போட்டா தண்ணி போயிடுமில்ல?"

"அதத்தான சார் மூணு வருசமா இவராண்ட சொல்லிக்கினு கீறேன்!"

"எங்கிட்டச் சொல்லவே இல்லியேம்மா!"

இருவரும் ஒருசேர ஜெயவேலுவைப் பார்த்தார்கள். ஜெயவேலு கண்ணாடியைப் பார்த்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அவரால் வெட்கப்படவும் முடியவில்லை. மூன்று ஆண்டு வழக்கு இரண்டு நிமிடம் முடிவதற்குள் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை குழாய் பதித்தார்கள். திங்கட்கிழமை அம்மணியின் வாசல் உலர்ந்திருந்தது.

"என்னக் கேக்காமயே முடிச்சிட்டாங்க, சாமுண்டி."

"கேட்டாங்களே. நீங்கதான் வாயத் தொறந்துகினு சும்மா நின்னீங்க."

ஜெயவேலு அன்று சோறு குறைவாகத்தான் உண்டார். ஆனால் மறுநாளும் புல்லட் அருகே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மகளின் வாய், எண்ணுவதற்கு எளிதாக, ஒன்பது சொத்தைப் பல்லும் தெரியத் திறந்திருந்தது. அதைவிட அவருக்கு அப்போது வேறொன்றும் பெரிதாகப்படவில்லை.

மூன்று வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை சேலையூரில் ஜெரூஷாவின் மேசைமேல் ஒரு பாரம் இருந்தது. முழு மயக்கத்துக்குப் பெற்றோர் கையெழுத்திடும் பாரம் அது. ஜெயவேலு அதைப் பார்த்தும் பாராததுபோல் உட்கார்ந்தார். ஊதா மருந்து பூசியபோது மகளின் பல்லில் அங்கங்கே சில புள்ளிகளே தென்பட்டன. மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். "வெரி குட்! இப்ப நாற்காலில ஏறலாமா?"

"அப்பா மொதல்ல," என்றாள் தேவதர்ஷினி.

ஜெயவேலு பெருந்தன்மையோடு எழுந்து நாற்காலியில் சாய்ந்தார். சும்மா திறந்து காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். ஜெரூஷா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். ஓர் ஊசிமுனைக் கம்பியால் தட்டிப் பார்த்தார். ஊடுகதிர்ப் படமும் எடுத்துப் பார்த்தார்.

"சார், கீழ கடைசிப் பல்லு போயிடுச்சு. எடுத்துடணும். இன்னிக்கே எடுத்துடலாமா?"

"நா சும்மா காமிக்கத்தான் ஒக்காந்தேன் டாக்டர்!"

"பாப்பா பாத்துட்டு இருக்கா சார்."

ஊசியைக் கண்டதும் ஜெயவேலுவின் தாடை தானாக மூடிக்கொண்டது. இடையில் ஜெரூஷாவின் சுட்டுவிரல் இருந்தது. அதே விரல்.

"குடும்ப வழக்கமா இது?" என்று ஜெரூஷா கையுறையை ஆராய்ந்தார்.

"அப்பா! கடிக்கக் கூடாதுப்பா! 'ஆ' சொல்லு! யாரு வாயி பெருசு?"

இவர் இறங்கினால் அவள் ஏறமாட்டாள். அவள் ஏறாவிட்டால் அந்தப் பாரத்தில் கையெழுத்து. ஜெயவேலு பக்கவாட்டில் பார்த்தார். தம் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் கையைக் கட்டிக்கொண்டு, மகள் அவரை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்களை இறுக மூடினார், வாயைத் திறந்தார். ஊசி இறங்கியது, குறடு வந்தது. உள்ளே ஏதோ மரம் முறிவதுபோல் கேட்டது. அவர் தொடக்கம் முதல் முடிவு வரையில் 'ஆ' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

எடுத்த பல்லைக் கிண்ணத்தில் பார்த்துவிட்டுத் தேவதர்ஷினி, "அய்ய!" என்றாள். பிறகு தானே நாற்காலியில் ஏறி, அண்ணம் தெரியும்படி வாயைப் பிளந்தாள். ஊசியின்போது இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது, வாய் மூடவில்லை. அரை மணி நேரத்தில் ஆழமான பல் ஒன்று சரிசெய்யப்பட்டது.

ஜெரூஷா பாரத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். கிழிக்கவில்லை. "இன்னும் எட்டு இருக்கு. ஆனா, இப்படியே திறந்தா இது தேவைப்படாது," என்றார்.

வெளியே, வரவேற்பில் இருந்த பெண் அடுத்த முறை எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் எல்லாரும் ஜெயவேலுவைப் பார்த்தார்கள். அவர் வாயில் பஞ்சு இருந்தது. பாதி நாக்கு மரத்திருந்தது. கையை விரித்துக் காட்டினார். மரத்த உதட்டைக் கோணலாக இழுத்துக்கொண்டு, முதுகில் கையைக் கட்டிக்கொண்டு, தேவதர்ஷினி முன்னே வந்தாள்.

"உடு, நா பாத்துக்கறேன்."

"வர்ற வெள்ளிக்கெழம, காலைல பத்து மணி," என்று சாமுண்டீஸ்வரி தேதியைக் குறித்துக்கொண்டார்.